அரையாண்டு விடுமுறை: மாலுக்குப் போகாமல் சென்னையில் எங்கே சுற்றுவது?

சேலையூரான்:

வணக்கம் மக்களே. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கோவையிலிருந்து தங்கை பிள்ளைகளோடு வருகிறாள். மூத்தவள் ஆறாவது, சின்னவன் இரண்டாவது. புத்தாண்டு முடியும் வரை இங்கேதான், பொங்கலுக்கு மறுபடி வருவார்கள். போன வருடம் ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப் போய் சாப்பிட உட்கார இடம் தேடியே பாதி நாள் போனது, மீதி நாள் அவன் கேட்ட பொம்மையை வாங்கித் தராததற்கு அழுகை. இந்த முறை அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் யோசனையும் வேண்டாம், டிசம்பர் கடைசியில் அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது.

எங்களிடம் கார் கிடையாது. மின்சார ரயில், பஸ், மெட்ரோ, அவசரத்துக்கு ஆட்டோ. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அதைவிடப் பெரிய வலி எங்களுக்கு. காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்புகிற மாதிரி சின்னச் சின்ன இடங்கள் சொல்லுங்கள். பிரம்மாண்டம் எல்லாம் வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:

மெரினா, சுண்டல், பலூன் சுடுதல், வீடு. இதற்கு ஏன் சார் ஒரு இழை?

மாடவீதி:

கடைசி பெஞ்ச் சொல்வதை ஒதுக்கிவிடுங்கள். மார்கழி மாதத்தில் விருந்தினர் வரும்போது முதலில் காட்டவேண்டியது விடியற்காலை. தாம்பரத்தில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து, கோட்டையில் இறங்கி, பறக்கும் ரயிலில் மாறினால் திருமயிலை. ஆறு மணிக்கெல்லாம் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாடவீதிகளிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் கோலம், எங்கேயோ திருவெம்பாவை, ஜால்ராவோடு ஒரு பஜனை கோஷ்டி, பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் சாணி உருண்டையில் பூசணிப்பூ. மூத்தவளுக்குச் சிக்குக்கோலம் காட்டுங்கள், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடச் சொன்னால் அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டாள். அப்பா குளத்தங்கரைப் பக்கம் எங்காவது உட்கார்ந்துகொள்ளலாம். அப்புறம் தொன்னையில் சூடாகக் கோயில் பொங்கல்.

முந்தின இரவு மழை பெய்திருந்தால் மட்டும் யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முடியும் வரை விளையாடும், ஈரத்தெருவில் கோலமும் இருக்காது, நடையும் இருக்காது.

நேரம் இருந்தால் அப்படியே கச்சேரி நடக்கும் ஒரு சபாவுக்கும் போகலாம். 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது, அதன் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது, அதிலிருந்துதான் இந்த டிசம்பர் இசை சீசனே வளர்ந்தது. மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட் அடிதடி. மதியம் இளம் பாடகர்கள் பாடுகிற கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், கூட்டமும் குறைவு.

வாண்டுகளின் அம்மா:

மாடவீதி ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டாவது படிக்கிற பையனை ஆலாபனை கேட்க உட்கார வைப்பது அந்தப் பாடகருக்குச் செய்கிற அநியாயம். வரிசையில் முன்னால் இருப்பவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார், நாம் கூனிக்குறுகி வெளியே வரவேண்டும். சபாவுக்குப் போங்கள், ஆனால் நேராக கேன்டீனுக்குப் போங்கள். வாழை இலை, காபி, பக்கத்து மேஜையில் நேற்றைய தோடி ராகத்தைப் பிரித்து மேய்கிற இரண்டு மாமாக்கள். அதுவும் சீசன்தான்.

விடியற்காலை யோசனை நல்லதே. ஆனால் அன்றைக்கு அது ஒன்றோடு நிறுத்துங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அப்படியே அதையும் பார்த்துவிடலாம்" என்று ஆண்கள் சொல்லத் தொடங்கும்போதுதான் எல்லாச் சுற்றுலாவும் கெடுகிறது. மதியம் இரண்டு மணிக்குத் தூங்கி வழிகிற குழந்தையை யார் தூக்குவது?

மாடவீதி:

கேன்டீனை நான் எதிர்க்கவில்லை அம்மா. குழந்தைகள் கச்சேரியில் நெளிவார்கள் என்பதும் தெரியும். ஒரு துக்கடா, அதாவது ஒரு சின்னப் பாட்டு, கேட்கிற அளவுக்குக் கதவோரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வரலாம், அதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள். காதில் விழவேண்டும், அவ்வளவுதான். பிடிப்பதும் பிடிக்காததும் அவர்கள் பாடு.

நீர்க்காகம்:

சேலையூரில் இருந்துகொண்டு எல்லோரும் வடக்கே பார்க்கிறீர்கள், தெற்கே திரும்புங்கள். வேடந்தாங்கல். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். பஸ் அடிக்கடி இருக்காது, திரும்பும் நேரத்தை இறங்கியவுடனே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்பார்கள், உண்மையில் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் கணக்கு. மழை ஏமாற்றிய வருடத்தில் பறவையும் ஏமாற்றும். நல்ல மழை என்றால் டிசம்பர் கடைசியில் தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரங்கள் மேல் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள்.

உங்கள் அப்பாவுக்கு ஏற்ற இடம் என்று தைரியமாகச் சொல்வேன். ஏரிக்கரை மேல் சமதளமான நடைபாதை, உட்கார இருக்கைகள், பறவைகள் நம்மைத் தேடி வராது என்றாலும் நாம் ஓடவேண்டியதில்லை. பார்வைக் கோபுரத்தில் மற்றவர்கள் ஏறட்டும். காலை ஏழுக்கு முன்னால் போகமுடியாவிட்டால் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள், இரை தேடப் போனவை எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. நடுமதியம் போய்விட்டு "ஒன்றும் இல்லை, எல்லாம் தூங்குது" என்று வந்து எழுதுபவர்களை என்ன சொல்வது.

பிள்ளைகளுக்கு அடையாளம் சொல்லிக்கொடுங்கள், வெறுமனே கொக்கு கொக்கு என்று போகாதீர்கள். மஞ்சள் அலகும் சிறகில் இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. வாயை மூடினாலும் அலகுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுக்க வசதியான அலகு அது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே நெளிந்தால் பாம்புத்தாரா. கீழ் அலகில் பை தொங்கினால் கூழைக்கடா. என் பெயர்ப் பறவையும் உண்டு, சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். அரசாங்கம் வேலி போட்டுக் காப்பாற்றிய இடம் அல்ல இது, ஊர்க்காரர்கள் காப்பாற்றியது. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊரார் முறையிட, 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்கு இன்றும் அங்கே வெடி வெடிப்பதில்லை. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள், புளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

அவ்வளவு தூரம் முடியாத அன்றைக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம். உங்கள் வீட்டிலிருந்து வேளச்சேரி பஸ் ஏறினால் போதும். குப்பைமேட்டு நாற்றம் காற்று வீசுகிற திசையைப் பொறுத்தது, அதை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அங்கே திறந்திருக்கும் சூழலியல் பூங்காவின் நடைபாதையிலிருந்து நீலத்தாழைக்கோழியையும் இலைமேல் நடக்கும் தாமரைக்கோழியையும் பார்க்கலாம். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை இரண்டும் 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடங்கள். இரண்டாவதைத் தினமும் பஸ்ஸில் கடப்பவர்கள் போனிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை.

சேலையூரான்:

நீர்க்காகம் அண்ணே, அதில் நானும் ஒருவன், தினமும் அந்த வழியில்தான் ஆபீஸ். சரி, தொலைநோக்கி வேண்டுமா?

நீர்க்காகம்:

இருந்தால் நல்லது. வேடந்தாங்கலில் வாடகைக்குக் கிடைக்கும். சின்னவனிடம் கொடுத்தால் கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டுக் கொடுங்கள்.

வடசென்னை வாத்தியார்:

எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒருவரும் சொல்லவில்லையே. தாம்பரம் வண்டி நேராக எழும்பூரில் நிற்கும், அப்பாவுக்கு ஆட்டோவில் இரண்டு நிமிடம். 1851-ல் தொடங்கியது, இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்த பழைய அருங்காட்சியகம். ஆனால் எல்லாக் கட்டடத்தையும் பார்க்க நினைக்காதீர்கள். நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது மூன்றே விஷயம்தான்: திமிங்கல எலும்புக்கூடு, அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், வெண்கலக் கூடம். எலும்புக்கூட்டில் தொடங்கினால் மற்றதற்குப் பொறுமை வரும். வெண்கலக் கூடத்தில் அர்த்தநாரீசுவரரை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இடது வலது இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எத்தனை கை, எந்தப் பக்கம் எத்தனை என்று கேட்டால் போதும், பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

போகிற வழியில் பல்லாவரம் ஸ்டேஷன் வரும்போது ஒரு கதை சொல்லுங்கள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே சரளை மண்ணில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று பல்லாவரத்தில்! அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளைப் பிற்பாடு வாங்கியதும் இதே அருங்காட்சியகம்தான். மின்சார ரயிலில் கடலை தின்றுகொண்டே கடந்துபோகிற ஊரில் இப்படி ஒன்று கிடக்கிறது.

அந்த ரயிலே ஒரு கதைதான். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் ஜன்னலோரம் கேட்பார்கள், பத்து மணிக்குப் பிறகு போங்கள், கிடைக்கும்.

பழவேற்காடும் பிடிக்கும் எனக்கு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகள். ஆனால் சேலையூரிலிருந்து முழங்கால் வலியோடு பஸ்ஸில் என்றால் வேண்டாம் என்பேன். போனாலும் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் குடும்பமாகப் படகில் போனவர்கள் மூழ்கிய ஏரி அது. கரையில் நின்று யாராவது "ஒரு ரவுண்டு போகலாமா சார்" என்று கூப்பிட்டால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

ஈசிஆர் சைக்கிள்:

மாமல்லபுரம் போகாமல் கோவைக்காரர்களைத் திருப்பி அனுப்பினால் பாவம். தாம்பரத்திலிருந்து நேர் பஸ் உண்டு. எல்லோரும் கடற்கரைக் கோயில் முன்னால் செல்ஃபி, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுகிற மாதிரி இன்னொரு செல்ஃபி, முடிந்தது. நீங்கள் அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் பொறுமையாக நில்லுங்கள். யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்யும். அதைச் சுற்றி நம்பி வந்த எலிகள். மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைச் சிற்பி கிண்டல் செய்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். பூனையைக் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம் என்று பந்தயம் வையுங்கள், யானையைக் கண்டதற்கு ஐஸ்கிரீம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா அங்கே மாலைகளில் நடக்கும். கரகம், ஒயிலாட்டம் மாதிரி நாட்டுப்புற ஆட்டமும் இருக்கும், சின்னவர்கள் அதற்கு அசையாமல் உட்காருவார்கள். திரும்புகிற பஸ் நேரம் மட்டும் முக்கியம். கூட்டம் பிடிக்காது என்றால் கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை. அதன் பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழைய செங்கல் முருகன் கோயில். பெரும்பாலும் நீங்களும் காற்றும் மட்டும்தான் இருப்பீர்கள்.

கடலில் கால் நனைப்பதோடு சரி. மாமல்லபுரத்துக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லாக் கடற்கரைக்கும்தான். பெசன்ட் நகரில் ஒரு வெள்ளை வளைவுச் சின்னம் இருக்கிறதே, எல்லோரும் அதன் நிழலில் உட்கார்ந்து சோளம் தின்கிறோம். கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது அது. நடந்தது 1930 டிசம்பர் கடைசியில், இதே விடுமுறைக் காலத்தில்.

வாண்டுகளின் அம்மா:

கடற்கரை என்றதும் நினைவு வந்தது. பொங்கலுக்கு மறுபடி வருவதாகச் சொன்னீர்களே, ஜனவரியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் தொடங்கும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவில் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிற மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இருக்கிறது, சில வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போவார்கள். பல கிலோமீட்டர் மணலில் நடை, நள்ளிரவு தாண்டும். மூத்தவளுக்குச் சரிவரும், சின்னவனுக்கும் தாத்தாவுக்கும் வேண்டாம். ஆமை வராமல் போகவும் செய்யும், செத்து ஒதுங்கியதைப் பார்க்கவும் நேரலாம், 2025 ஜனவரியில் அப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அதைத் தாங்குவாளா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். என் மகள் அழுதாள், ஆனால் அடுத்த வருடமும் போகவேண்டும் என்றாள்.

புத்தகக் காட்சியை மறந்துவிடாதீர்கள். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், வார நாள் என்றால் நிம்மதி. ஆளுக்குக் கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து, "இதற்குள் நீயே வாங்கிக்கொள், நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு வருடமும் ஸ்டிக்கர் புத்தகமும் ஜோக்குப் புத்தகமும்தான் வருகின்றன, பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கடைசி பெஞ்ச்:

ஆமை, பூனை, நத்தைகுத்தி எல்லாம் சரி. தீவுத்திடல் பொருட்காட்சியை ஒருவர் சொன்னாரா? அரசுத் துறைகளின் அரங்குகள், அணையின் மாதிரி வடிவம், ராட்டினம், அப்புறம் முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம். மேலே மிளகாய்ப்பொடி தூவி, கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் நடக்கவேண்டும்.

பொங்கலுக்கு வருகிறார்கள் என்றால் காணும் பொங்கலன்று மெரினாதான். நீங்கள் எல்லோரும் கூட்டத்தைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறீர்கள். அன்றைக்குப் பார்க்கவேண்டியதே கூட்டம்தான் ஐயா. திருவள்ளூரிலிருந்து, காஞ்சிபுரத்திலிருந்து வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறை வந்து மணலில் உட்காரும். வருடத்தில் ஒரே ஒரு நாள் கடலைப் பார்க்க வருகிறவர்கள் அதில் எத்தனை பேர்!

மாடவீதி:

மறுநாள் காலை அந்த மணலைப் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். தூய்மைப் பணியாளர்கள் மூட்டை மூட்டையாக அள்ளுவார்கள்.

கடைசி பெஞ்ச்:

குப்பை போடுவது தப்புதான், அதற்காக வருவதே தப்பு ஆகாது. டிக்கெட் இல்லாமல், உடைக் கட்டுப்பாடு இல்லாமல், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்காமல் இந்த ஊரில் உட்கார வேறு எந்த இடம் இருக்கிறது சொல்லுங்கள். உங்கள் சபா வாசலில் அந்த வேன்காரர்கள் செருப்பைக் கழற்றவே யோசிப்பார்கள்.

மாடவீதி:

அது நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

வடசென்னை வாத்தியார்:

காணும் பொங்கலுக்குப் போவதானால் ஒன்று. அன்று கடலில் இறங்க விடமாட்டார்கள், தடுப்பு கட்டியிருப்பார்கள். போலீசார் குழந்தைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள், கூச்சப்படாமல் நேராகப் போய் வாங்கிக் கட்டுங்கள். அப்பாவைக் கூட்டிப் போகாதீர்கள், அந்த நெரிசலில் வயதானவர்கள் சிரமப்படுவார்கள். வேறொரு சாதாரண மாலையில் அவரைக் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப் போகலாம், லிஃப்ட் இருக்கிறது. திங்கள் விடுமுறை.

சேலையூரான்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தங்கையிடம் படித்துக் காட்டினேன், "ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெளியே, நடுவில் நான் தூங்கவேண்டும்" என்று ஒரே கண்டிஷன். அதனால் இப்போதைக்கு: புதன் மாலை பள்ளிக்கரணை, வெள்ளி எழும்பூர், ஞாயிறு விடியலில் மயிலாப்பூர் (கேன்டீன் உண்டு, கச்சேரி சந்தேகம்), அடுத்த செவ்வாய் வண்டலூர் ஜூ, சின்னவன் புலி பார்க்காமல் போகமாட்டானாம். வேடந்தாங்கலும் மாமல்லபுரமும் பொங்கலுக்கு. ஜூவில் அப்பாவால் நடக்கமுடியுமா என்பதுதான் கவலை.

நீர்க்காகம்:

ஜூவில் பேட்டரி வண்டி இருக்கிறது, அப்பாவுக்கு அதுவே போதும். வரிசை சேருவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். ஆனால் ஜூவுக்குச் செவ்வாய் வார விடுமுறை. பள்ளி விடுமுறைக் காலத்தில் சில செவ்வாய்களில் திறப்பார்கள், அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வாத்தியார் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வடசென்னை வாத்தியார்:

பள்ளிப் பிள்ளைகளோடு எப்போதும் சனிக்கிழமைதான் போவேன் தம்பி. வெள்ளி யோசனையே வரவில்லை.

வாண்டுகளின் அம்மா:

வெள்ளியும் செவ்வாயும் இடம் மாறினால் முடிந்தது. செவ்வாய் எழும்பூர், வெள்ளி ஜூ. தங்கையின் தூக்கக் கணக்கும் கெடாது.

சேலையூரான்:

அப்படியே செய்கிறேன். ஜூவுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிட்டால் வாசலில் நிற்கவேண்டாம்தானே?

நீர்க்காகம்:

ஆமாம், எடுத்துவிடுங்கள். பேட்டரி வண்டிக்கு டிக்கெட் தனி. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், தின்பண்டத்தை மட்டும் பைக்குள் ஆழமாக வையுங்கள். உள்ளே கூண்டுக்கு வெளியே திரிகிற குரங்குகள்தான் நிறைய.